பயிற்சி கொடுத்துவிட்டால் ஐசியூ நர்ஸின் வேதனை தீர்ந்துவிடுமா?

கேள்வி, ஜனவரி 8

ஐசியூவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். எங்கள் யூனிட்டில் ஒரு நோயாளி இருக்கிறார். இனிப் பிழைக்க வழியில்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் டயாலிசிஸ், ரத்தம், ரத்தக்குழாயில் புது லைன் என்று ஒன்றுவிடாமல் நடக்கிறது. நான்தான் அவரைப் பார்த்துக்கொள்கிறேன். டூட்டி முடிந்து உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். எங்கள் இன்சார்ஜ், "உனக்கு இறுதிக்காலப் பராமரிப்பில் பயிற்சி பத்தாது, அதனால்தான் இப்படி. ஒரு வகுப்புக்கு அனுப்புகிறேன், சரியாகிவிடும்" என்கிறார். பயிற்சி வந்தால் இந்த வேதனை போய்விடுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 8, இரவு 7.10

போகாது. வகுப்புக்குக் கட்டாயம் போங்கள். ஆனால் வேதனை போய்விடும் என்று நம்பிப் போகாதீர்கள். நைட் டூட்டிக்குக் கிளம்புகிறேன், மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

ஜனவரி 9, காலை 9.15

உங்கள் இன்சார்ஜ் இரண்டு வேறு சங்கதிகளை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார். எது சரி என்றே புரியாமல் திண்டாடுவது ஒன்று. எது சரி என்று தெரிந்தும் அதைச் செய்ய விடாமல் கையைக் கட்டிப்போட்டால் வருவது இன்னொன்று. இந்த இரண்டாவதைத்தான் மாரல் டிஸ்ட்ரஸ், அதாவது அறத்துயர், என்கிறார்கள். ஆண்ட்ரூ ஜேம்டன் என்ற தத்துவ அறிஞர் 1984-இல் நர்ஸ்களின் தொழில் அறத்தைப் பற்றி எழுதியபோது இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். நர்ஸாக இல்லாத ஒருவர் நர்ஸ்கள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டு எழுதியது அது.

நீங்கள் எழுதியிருப்பதை இரண்டு தடவை படித்தேன். என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்திருக்கிறது. அதைச் சொல்ல ஓர் இடம் இல்லை, சொன்னாலும் கேட்க ஆள் இல்லை. இதற்கு வகுப்பு மருந்தாகாது.

ஜனவரி 9, மாலை 5.30

கீழே ஒருவர், "முடிவெடுப்பது டாக்டர், கையெழுத்துப் போடுவது குடும்பம், நடுவில் நர்ஸுக்கு என்ன வந்தது?" என்று கேட்டிருக்கிறார். கோபப்படாமல் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

ஆர்டர் ஷீட்டில் "தொடரவும்" என்பது ஒரு சொல். அது எங்கள் கையில் பன்னிரண்டு மணி நேர வேலை. பல உறுப்புகள் செயலிழந்து, உடம்பெல்லாம் நீர் கோத்து, வென்டிலேட்டரில் இருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். தோல் காகிதம்போல் மெலிந்திருக்கும். டியூப் கட்டிய டேப்பை எவ்வளவு மெதுவாகப் பிரித்தாலும் தோலும் சேர்ந்து வரும். ஊசி போட்ட பழைய இடங்களிலிருந்தெல்லாம் நீர் கசிந்து விரிப்பு நனையும். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொருதரம் திருப்ப வேண்டும். திருப்பும்போது ரத்த அழுத்தம் இறங்கும், அலாரம் அடிக்கும், மருந்தைக் கூட்ட வேண்டும்.

பிறகு சக்‌ஷன், அதாவது மூச்சுக்குழாயில் சேரும் சளியை உறிஞ்சி எடுப்பது. குழாயை உள்ளே விட்டதும் நெஞ்சு குலுங்கி இருமல் வரும். டியூப் குரல்நாண்களுக்கு நடுவே போவதால் சத்தம் வராது. முகம் சிவந்து சுருங்கும், வாய் திறக்கும், ஒலி இருக்காது. கண்ணோரத்திலிருந்து ஒரு துளி காதுப் பக்கமாக வழியும். "அவ்வளவுதான் ஐயா, முடிஞ்சிடுச்சு, முடிஞ்சிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே செய்வோம். இன்னும் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் செய்யப் போகிறோம் என்பது எங்களுக்குத் தெரியும்.

இதே சக்‌ஷன், நிமோனியா வந்து தேறிக்கொண்டிருக்கும் ஒருவருக்குச் செய்யும்போது மனதில் எதுவும் தைப்பதில்லை. அந்த வலிக்கு ஒரு கணக்கு இருக்கிறது, நாளைக்கு அவர் டியூபைக் கழற்றிவிட்டு மூச்சு விடுவார். கணக்கே இல்லாத வலியைக் கொடுக்கும் கை யாருடையது என்பதுதான் இங்கே கேள்வி.

ஜனவரி 11

"போகாது" என்று முதல் நாள் ஒரே சொல்லில் எழுதியதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். வேதனையில் ஒரு பங்கு நிஜமாகவே திறமைக் குறைவால் வருவதுதான். எப்படிச் செய்வது என்று யாரும் சொல்லித் தராததால், ஒருவர் மூச்சுத் திணறித் திணறி இறப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க நேர்கிறது. அந்தப் பங்கைப் பயிற்சி எடுத்துவிடும்.

வென்டிலேட்டரை விலக்குவதையே எடுத்துக்கொள்ளுங்கள். பலர் இதை டியூபை உருவும் ஒரு நிமிட வேலை என்று நினைக்கிறார்கள். அதற்கு முந்தைய ஒரு மணி நேரம்தான் முழு வேலையும்.

முதலில் பார்க்க வேண்டியது தசைகளை முடக்கும் மருந்து ஏதாவது ஓடுகிறதா என்பது. ஓடினால் நிறுத்தி, அதன் வேலை முழுதாகத் தீர்ந்ததா என்று நரம்புத் தூண்டலில் சோதித்துப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். சிறுநீரகமும் ஈரலும் கெட்டவருக்கு அது தீர நேரம் பிடிக்கும். முடங்கிய உடம்பால் திணறலைக் காட்ட முடியாது, முகம் சுளிக்கக்கூட முடியாது. நமக்கு அமைதியாகப் படுத்திருப்பதுபோல் தெரியும். இந்த ஒன்றை மட்டும் எந்தச் சூழலிலும் விட்டுக்கொடுக்காதீர்கள். எவ்வளவு பெரிய டாக்டர் அவசரப்படுத்தினாலும், "ரிலாக்ஸன்ட் தீரட்டும் சார்" என்று சொல்லி நில்லுங்கள்.

அடுத்தது, மருந்து முன்னால் போக வேண்டும். திணறல் வந்த பிறகு மார்ஃபின் தேடி ஓடக் கூடாது. படுக்கை ஓரத்தில் சிரிஞ்சில் ஏற்றி, லேபிள் ஒட்டி, அடுத்த டோஸும் தயாராக இருக்க வேண்டும். சிறுநீரகம் போனவருக்கு மார்ஃபினின் கழிவுகள் உடம்பிலேயே தேங்கித் தசைத் துடிப்பைக் கொண்டுவரும், அப்போது ஃபென்டனில் நல்லது. ஆக்சிஜனையும் அழுத்தத்தையும் படிப்படியாக இறக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் நின்று முகத்தைப் பார்க்க வேண்டும். புருவம் நெரிகிறதா, மூக்கு விரிகிறதா, கழுத்துத் தசை இழுக்கிறதா, கண்ணில் பயம் தெரிகிறதா?

இதை அளக்க ஒரு கருவியே இருக்கிறது. மார்கரெட் கேம்ப்பெல் என்ற நர்ஸ் ஆய்வாளர் உருவாக்கியது. எட்டு அறிகுறிகள், மொத்தம் 0 முதல் 16 வரை மதிப்பெண். பேச முடியாதவரின் மூச்சுத்திணறலை அவர் உடம்பைப் பார்த்தே எண்ணாகச் சொல்லிவிடலாம். வலிக்கும் அதேபோல் ஒன்று உண்டு, கனடாவில் செலின் ஜெலினாஸ் உருவாக்கியது: முகம், உடல் அசைவு, தசை இறுக்கம், வென்டிலேட்டரோடு ஒத்துப்போகிறாரா என்று நான்கு பகுதி, 0 முதல் 8 வரை. "சிஸ்டருக்கு மனசு கேக்கல, அதான் மருந்து கேக்குறாங்க" என்று சொல்லும் டாக்டரிடம், "திணறல் ஸ்கோர் 9 சார், பத்து நிமிஷம் முன்னாடி 5" என்று சொன்னால் பேச்சு வேறு மாதிரி போகும். நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஜனவரி 11, இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. அலாரம். மானிட்டர் திரையை அறையில் அணைத்துவிட்டு, வெளியே சென்ட்ரல் மானிட்டரில் மட்டும் ஓடவிடுங்கள். இல்லையென்றால் குடும்பம் முழுக்க அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருக்கும், முகத்தைப் பார்க்காது. நெஞ்சில் ஷாக் கொடுக்கும் கருவி பொருத்தியவர் என்றால் அதை முன்பே செயலிழக்கச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். கடைசி நிமிடங்களில் அது உதைத்தால் பக்கத்தில் கைபிடித்திருக்கும் மகனுக்கு ஆயுள் முழுக்க மறக்காது.

அலாரம் என்றதும் ஒருவர் நினைவுக்கு வருகிறார். நுரையீரல் நோயின் கடைசிக் கட்டம், மாஸ்க் வென்டிலேட்டரில் முழு நினைவோடு இருந்தார். பேச முடியாததால் பலகையில் எழுதிக் காட்டுவார். ஒருநாள் மெஷின் விடாமல் கத்திக்கொண்டிருக்க, பலகையை எடுத்து, "முதலில் இதைக் காப்பாற்றுங்கள், என்னைவிட மோசமாக இருக்கிறது" என்று எழுதினார். அவர் மகள் சிரித்துவிட்டாள். அந்த அறையில் அவள் சிரித்து நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான். அலாரத்தை அமைதியாக்கிவிட்டு நானும் சேர்ந்து சிரித்தேன்.

ஜனவரி 12

"மார்ஃபின் கொடுத்து நீங்களே கொல்வது ஆகாதா?" என்ற கேள்வி எதிர்பார்த்ததுதான், புதிதாக வரும் நர்ஸ்களும் இதைத்தான் ரகசியமாகக் கேட்பார்கள். திணறலையும் வலியையும் அளந்து, அதற்குத் தக்கபடி கூட்டிக் கொடுக்கும் மருந்து மரணத்தை விரைவுபடுத்துவதில்லை என்பதுதான் இதுவரை வந்த ஆய்வுகள் காட்டுவது. நோக்கம் அறிகுறியைத் தணிப்பது, அளவு அறிகுறியைப் பார்த்து, பதிவேட்டில் ஒவ்வொரு டோஸுக்கும் காரணம். இந்த மூன்றும் இருந்தால் கை நடுங்க வேண்டியதில்லை. அறிகுறியே இல்லாமல் "சீக்கிரம் முடியட்டும்" என்று யாராவது டோஸைக் கூட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அது வேறு காரியம்.

ஜனவரி 14

குடும்பத்தோடு பேசுவதைப் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கைவந்த அளவுக்குச் சொல்கிறேன்.

"எல்லாம் செஞ்சிடுங்க" என்று சொல்பவர்கள் முக்கால்வாசிப் பேர் சிகிச்சைப் பட்டியலைச் சொல்வதில்லை. எங்களைக் கைவிட்டுவிடாதீர்கள் என்கிறார்கள். அதற்கு மருத்துவ விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். "கண்டிப்பா கூடவே இருப்போம். எல்லாம்னு நீங்க சொல்றப்ப எதை நெனச்சு ரொம்பக் கவலையா இருக்கு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அந்த மௌனத்தைத் தாங்குவதுதான் கஷ்டமான திறமை. நமக்கு அதை நிரப்பக் கை துறுதுறுக்கும்.

"அம்மாவுக்கு என்ன செய்யலாம்னு நினைக்கிறீங்க?" என்று மகனிடம் கேட்காதீர்கள். அந்தக் கேள்வி பாரத்தை அவன் தலையில் ஏற்றுகிறது. "அம்மா எப்படிப்பட்டவங்க, எதுல சந்தோஷப்படுவாங்க?" என்று தொடங்குங்கள். பிறகு, "இப்ப அவங்களே எழுந்து உட்கார்ந்து தன் நிலைமையைக் கேட்டாங்கன்னா என்ன சொல்லுவாங்க?" அநேகமாகப் பதில் உடனே வரும். "போதும்டா, விடுங்கன்னு சொல்லுவாங்க சிஸ்டர்." அதுவரை யாரும் அந்தக் கேள்வியை அவனிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

பிரான்ஸில் 2007-இல் வந்த ஓர் ஆய்வு இந்த வேலையில் இருப்பவர்களுக்குப் பழக்கமானது. குடும்பச் சந்திப்பில் நேரம் கொடுத்து, அவர்கள் சொல்வதை மதித்துக் கேட்டு, உணர்ச்சியை ஒப்புக்கொண்டு, கேள்வி கேட்க வைத்து, கையில் ஒரு சிறு பிரசுரமும் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது அந்தக் குடும்பங்களில் பதற்றமும் மனச்சோர்வும் அதிர்ச்சியின் தடயமும் குறைவாக இருந்தன. புது மருந்து எதுவும் இல்லை, மெஷின் இல்லை. உட்கார்ந்து கேட்டார்கள்.

"இனி செய்வதற்கு எதுவுமில்லை" என்ற வாக்கியத்தை மட்டும் உங்கள் வாயிலிருந்து அழித்துவிடுங்கள். செய்வதற்கு நிறைய இருக்கிறது. மூச்சைச் சுலபமாக்குவது, வாயை ஈரமாக வைப்பது, முகத்தைத் துடைப்பது, படுக்கையின் கம்பியை இறக்கிப் பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைப்பது, இன்னும் எவ்வளவோ.

ஜனவரி 15

மூச்சின் ஓசையைப் பற்றி நேற்றே எழுதியிருக்க வேண்டும். கடைசி மணிகளில் தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தம் வரும். நோயாளியைவிடக் குடும்பத்துக்குத்தான் அது தாங்காது, மூழ்குவதுபோல் கேட்கும். ஏற்கெனவே சேர்ந்த சளியை எந்த மருந்தும் எடுக்காது, புதிதாகச் சுரப்பதை மட்டும் குறைக்கும். 2021-இல் நெதர்லாந்தின் ஹாஸ்பிஸ்களில், அதாவது இறுதிக்காலப் பராமரிப்பு இல்லங்களில், வந்த ஆய்வில், சத்தம் வருவதற்கு முன்பே ஸ்கோபொலமைன் பியூட்டைல்புரோமைடு என்ற மருந்தைக் கொடுத்தவர்களில் 13 சதவீதம் பேருக்குத்தான் அது வந்தது, கொடுக்காதவர்களில் 27 சதவீதம். அது ஐசியூ ஆய்வு இல்லை. ஆனாலும் முந்திக்கொள்ள வேண்டும் என்ற பாடம் நமக்கும் பொருந்தும். ஆழமாகச் சக்‌ஷன் போடாதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சுக்கு நடுவே நீண்ட இடைவெளி விழும், தாடை அசையும், முழங்காலில் ஊதா நிறத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும் என்று குடும்பத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லிவைத்தது நடக்கும்போது பயம் பாதியாகிறது.

ஜனவரி 18

ஒரு டாக்டர் கோபமாக எழுதியிருக்கிறார்: "எங்களுக்கு மட்டும் மனசில்லையா?"

இருக்கிறது சார். இந்த வேதனையை அளக்கும் கேள்விப்பட்டியல் முதலில் நர்ஸ்களுக்கென்றுதான் வந்தது, மேரி கோர்லி 2001-இல் வெளியிட்டது. 2019-இல் எப்ஸ்டீனும் மற்றவர்களும் வெளியிட்ட புதிய வடிவம் மருத்துவத்தில் இருக்கும் எல்லாத் தொழிலாளருக்குமானது. 27 சூழல்கள், ஒவ்வொன்றும் எவ்வளவு அடிக்கடி நடக்கிறது, எவ்வளவு வலிக்கிறது என்று இரண்டையும் பெருக்கிக் கணக்கிடுவார்கள். முடிவின் பாரம் உங்கள் தோளில் இருக்கிறது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. குடும்பத்தோடு சண்டை, கேஸ் போடுவார்களோ என்ற பயம், மேலிடத்து நெருக்கடி எல்லாம் உங்களுக்கும் உண்டு. படுக்கையோரத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறோம் என்பதில்தான் நமக்குள் வித்தியாசம்.

அவர் எழுதியதில் இன்னொரு வரியும் இருக்கிறது, அதை ஒதுக்க முடியாது: "நர்ஸ்கள் சீக்கிரம் நம்பிக்கை இழந்துவிடுகிறார்கள்." இதில் உண்மை இருக்கிறது. பிழைப்பாரா என்று கேட்டால் டாக்டர்களைவிட நர்ஸ்கள் பொதுவாக இருண்ட பதிலையே சொல்வார்கள் என்று ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. பிழைக்கமாட்டார் என்று முழு ஷிஃப்ட்டும் நம்பிக்கை இழந்த ஒருவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு யூனிட் வாசலில் வந்து நின்று கையசைப்பதும் இந்த வேலையில் உண்டு. அதனால் நம் வேதனையை நோய்க்கணிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வேதனை வந்தால், "இந்தச் சிகிச்சையின் குறிக்கோள் என்ன, எந்த நாள்வரை பார்க்கப்போகிறோம்?" என்று கேட்க உரிமை வருகிறது, அவ்வளவுதான். நல்ல பதில் ஒன்று கிடைத்தால் அதே சக்‌ஷனை நானும் மனம் கோணாமல் செய்வேன்.

ஜனவரி 19

சின்னக் குறிப்பு. இதயம் நின்றவரிடம் மெதுவாக ஓடிப்போய், நெஞ்சை லேசாக அமுக்கி, நாலு நிமிடத்தில் நிறுத்திவிடும் "ஸ்லோ கோட்" பற்றிக் கேட்டவருக்கு: செய்யாதீர்கள், துணை போகாதீர்கள். நாடகம் ஆடிக் குடும்பத்தை நம்பவைப்பது அது. சிபிஆர், அதாவது நின்ற இதயத்தை நெஞ்சை அமுக்கி இயக்கப் பார்ப்பது, வேண்டாம் என்றால் முன்பே பேசித் தீர்த்து, எழுதி, கையெழுத்தாகி இருக்க வேண்டும். பேச யாருக்கும் துணிவில்லாத வார்டில்தான் இந்த நாடகம் நடக்கும். அதில் நெஞ்சை அமுக்குபவர் அநேகமாக இளைய நர்ஸ்தான்.

ஜனவரி 24

பயிற்சி மட்டும் போதாது என்பதற்கு ஒரு பெரிய சான்று முப்பது வருடமாக நம் முன்னாலேயே இருக்கிறது. அமெரிக்காவில் ஐந்து பெரிய மருத்துவமனைகளில், கடும் நோயில் இருந்த 9,105 பேரை வைத்து நடந்த சப்போர்ட் என்ற ஆய்வு, 1995-இல் வெளிவந்தது. முதல் கட்டத்தில் அவர்கள் கண்டது மோசம். சிபிஆர் வேண்டாம் என்று நோயாளி விரும்பியதைத் தெரிந்துவைத்திருந்த டாக்டர்கள் 47 சதவீதம்தான். இறந்தவர்களில் 38 சதவீதம் பேர் குறைந்தது பத்து நாளாவது ஐசியூவில் கழித்திருந்தார்கள். நினைவோடு இருந்து இறந்தவர்களில் பாதிப் பேர், கடைசி நாட்களில் பாதி நேரமாவது வலியில் இருந்ததாகக் குடும்பங்கள் சொல்லின.

அடுத்த கட்டத்தில் என்ன செய்தார்கள்? தனியாகப் பயிற்சி பெற்ற நர்ஸ்களை அமர்த்தினார்கள். நோயாளியிடமும் குடும்பத்திடமும் பேசுவது, விருப்பத்தைக் கேட்டறிவது, வலியைக் கவனிப்பது, டாக்டரிடம் கொண்டுசேர்ப்பது எல்லாம் அவர்கள் வேலை. பிழைக்கும் வாய்ப்பைக் கணக்கிட்டுத் தாளில் எழுதி டாக்டர் கையிலும் கொடுத்தார்கள். முடிவில் ஒன்றுமே மாறவில்லை. வலி குறையவில்லை, ஐசியூ நாட்கள் குறையவில்லை.

அந்த நர்ஸ்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள், கேட்கத் தெரிந்தவர்கள். ஒவ்வொரு நாளும் நோயாளி என்ன விரும்புகிறார் என்று தெரிந்துகொண்டு, அதைச் சொல்லி, அது நடக்காமல் போவதைப் பார்த்தவர்கள். அவர்களுக்கு வேதனை குறைந்திருக்குமா, கூடியிருக்குமா? உங்கள் இன்சார்ஜிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

ஜனவரி 25

நேற்று எழுதியதை வைத்து, "அப்படியானால் பயிற்சியே வீண்" என்று இருவர் முடிவுகட்டிவிட்டீர்கள். நான் சொன்னது அதுவல்ல. 11-ஆம் தேதிக் குறிப்பைத் திரும்பப் படியுங்கள். நர்ஸைப் பழக்கிவிட்டு, ரவுண்டில் அவளுக்கு ஓர் இடமும் கொடுக்காமல், குடும்பச் சந்திப்பு நடக்கும் அறைக்கு வெளியே நிறுத்திவைத்தால் அந்தத் திறமை அவளையே அரிக்கும். கதவைத் திறந்துவிட்டால் அதே திறமை வேலை செய்யும்.

பிப்ரவரி 2

எச்சத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒரு நோயாளி இறந்ததும் அந்த அறத்துயர் இறங்கும், ஆனால் பழைய நிலைக்கு வராது. கொஞ்சம் அடியில் தங்கிவிடும். அடுத்த நோயாளிக்கு அதே மாதிரி நடந்தால் அந்த மட்டத்திலிருந்துதான் ஏற ஆரம்பிக்கும். 2009-இல் எப்ஸ்டீனும் ஹாம்ரிக்கும் இதை விளக்கி எழுதினார்கள். ஒவ்வொரு தடவையும் அடிமட்டம் உயர்ந்துகொண்டே போவதுபோன்ற படம் அது. சின்ன விஷயத்துக்கு ஒரு சீனியர் நர்ஸ் வெடித்துக் கத்துவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு ட்ரிப் செட் மாற்றாததற்கா அவ்வளவு கோபம்? இல்லை. பல வருடத்து எச்சம்.

வேறு சிலர் எதிர்ப்பக்கம் போவார்கள். நோயாளியின் பெயரைச் சொல்லாமல் படுக்கை எண்ணைச் சொல்வார்கள். சக்‌ஷன் போடும்போது பேசமாட்டார்கள். பலர் வேலையையே விட்டுவிடுகிறார்கள், அதுவும் நல்ல நர்ஸ்கள். எச்சம் சேராத மனதுக்கு விட்டுப்போக வேண்டிய தேவையும் வருவதில்லை.

பிப்ரவரி 3

இறந்த பிறகு செய்வதும் திறமைதான், அதற்கு எந்த வகுப்பிலும் நேரம் ஒதுக்குவதில்லை. டியூப், லைன் எல்லாவற்றையும் எடுத்து, டேப்பின் பசையைத் துடைத்து, தலைமுடியை ஒழுங்குசெய்து, தலையணையைச் சரிப்படுத்திவிட்டுக் குடும்பத்தைக் கூப்பிடுங்கள். "இப்ப தொடலாமா?" என்று கேட்பார்கள், வாரக்கணக்கில் தொடாமல் இருந்தவர்கள் அல்லவா? தொடச் சொல்லுங்கள். அடுத்த அட்மிஷனுக்குப் படுக்கை கேட்டு வரும் போனைப் பக்கத்துப் படுக்கை நர்ஸிடம் கொடுத்துவிடுங்கள்.

ஜோனத்தன் பார்ட்டல்ஸ் என்ற அமெரிக்க நர்ஸ் ஒரு சின்னப் பழக்கத்தைத் தொடங்கிவைத்தார். மரணம் அறிவித்ததும் கையுறையைக் கழற்றிவிட்டு ஓடாமல், சுற்றி நிற்கும் எல்லோரும் ஒரு நிமிடம் பேசாமல் நிற்பது. இறந்தவருக்காகவும், அவருக்காகப் பாடுபட்டவர்களுக்காகவும். எங்கள் யூனிட்டில் முதலில் கூச்சமாக இருந்தது. இப்போது ஒருநாள் விட்டுப்போனாலும் யாராவது கேட்டுவிடுகிறார்கள்.

கனடாவின் ஹாமில்டனில் 2013-இல் டெபோரா குக்கும் அவர் குழுவும் தொடங்கிய மூன்று விருப்பங்கள் திட்டமும் சொல்லத்தக்கது. இறந்துகொண்டிருப்பவரிடமோ குடும்பத்திடமோ கேட்டு, அவருக்கென்று சில விருப்பங்களை நிறைவேற்றுவது. பெரும்பாலும் சின்னச் சின்ன விருப்பங்கள்தான். பிடித்த பாட்டு, சொந்தப் போர்வை, ஜன்னல் பக்கம் படுக்கையைத் திருப்புவது. இதில் பங்கெடுத்த நர்ஸ்களும் டாக்டர்களும் தங்களுக்கே அது ஆறுதலாக இருந்தது என்றார்கள். அறத்துயருக்கு நான் பார்த்த மருந்துகளில் நர்ஸின் கையாலேயே செய்யக்கூடியது இதுதான்.

நல்ல எண்ணம் மட்டும் போதாது என்பதற்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இறந்தவரின் குடும்பத்துக்கு ஐசியூவிலிருந்து இரங்கல் கடிதம் அனுப்பிப் பார்த்தார்கள், பிரான்ஸில், 2017-இல் வந்த ஆய்வு. துக்கம் குறையவில்லை. ஆறு மாதம் கழித்து அந்தக் குடும்பங்களில் மனச்சோர்வு அறிகுறிகள் அதிகமாகவே இருந்தன. அதே நாட்டில் 2022-இல் வந்த ஆய்வில், இறப்புக்கு முன் ஒரு சந்திப்பு, இறந்துகொண்டிருக்கும்போது டாக்டரும் நர்ஸும் அறைக்கே வந்து பார்ப்பது, இறந்தபின் ஒரு சந்திப்பு என்று மூன்று படியாகச் செய்தபோது நீடித்த துக்கம் குறைந்தது. முதல் படியிலேயே நர்ஸ் உள்ளே இருக்க வேண்டும் என்பது அதன் விதி. கடிதத்தை யார் வேண்டுமானாலும் அனுப்பிவிடலாம். அறைக்கு ஆள் போக வேண்டும்.

பிப்ரவரி 20

கேள்வி கேட்ட தங்கச்சி திரும்ப வந்திருக்கிறார். வகுப்பு முடிந்துவிட்டதாம். "முன்னைவிடக் கஷ்டமாக இருக்கிறது. முன்பு கண்ணில் படாததெல்லாம் இப்போது படுகிறது. புருவம் நெரிந்தால் உடனே தெரிகிறது. எதற்காகக் கற்றேன் என்று இருக்கிறது" என்கிறார்.

அதனால் பயனடைந்தவர் அந்தப் படுக்கையில் இருப்பவர். நீங்கள் பார்த்ததால்தான் அவருக்கு மருந்து போயிற்று. அந்தக் கண் இனி மூடாது, மூடவும் வேண்டாம். கூர்மையான கண்ணுக்கு வெளியே போக ஒரு வழி வேண்டும், அதை இப்போதே போட ஆரம்பியுங்கள்.

ரவுண்டில் உங்கள் நோயாளியின் முறை வரும்போது எண்களைச் சொல்லி முடித்ததும் நிறுத்தாதீர்கள். மூன்று விஷயத்தைக் கேளுங்கள். இந்த வாரத்துக்கான குறிக்கோள் என்ன? அது எட்டவில்லை என்று எந்த நாளில் முடிவு செய்வோம்? அதுவரை வலிக்கும் திணறலுக்கும் ஸ்கோர் எவ்வளவு வந்தால் எந்த மருந்தை எவ்வளவு கொடுக்கலாம் என்று இப்போதே எழுதித் தருவீர்களா? மூன்றாவதை முதல் நாளே வாங்கிவிடலாம், அதற்கு எந்த டாக்டரும் மறுத்து நான் பார்த்ததில்லை. ராத்திரி இரண்டு மணிக்குப் போன் அடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

குடும்பச் சந்திப்புக்கு உங்களைக் கூப்பிடவில்லை என்றால், "நேத்து ராத்திரி அவர் மனைவி என்கிட்ட சில விஷயம் சொன்னாங்க, அது நீங்க பேசறப்ப உதவும்" என்று டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள். பொய்யாகச் சொல்ல வேண்டியதில்லை, ராத்திரியில் உங்களிடம் சொல்லத்தான் செய்வார்கள். நாற்காலி தானாக வரும்.

இரண்டும் நடக்காமல் மறுபடி மறுபடி தட்டிக்கழித்தால் தனியாக மோதாதீர்கள். அதே நோயாளியைப் பார்க்கும் மற்ற ஷிஃப்ட் நர்ஸ்களையும் சேர்த்துக்கொண்டு, தேதியும் ஸ்கோரும் போட்டு எழுதி, அறநெறிக் குழுவுக்கு அனுப்புங்கள். அப்படி ஒரு குழு உங்கள் மருத்துவமனையில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். குழுவைக் கூட்ட நர்ஸுக்கும் உரிமை உண்டா என்று அதன் விதியில் பாருங்கள். இல்லையென்றால் உங்கள் இன்சார்ஜ் சண்டை போட வேண்டியது அதற்காகத்தான்.

பிப்ரவரி 21

அந்த மருந்து ஆர்டர் எப்படி எழுத வேண்டும் என்று நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். மருந்தின் பெயர், டோஸ், எந்த ஸ்கோருக்கு, எத்தனை நிமிடம் கழித்து மறுபடி கொடுக்கலாம், எத்தனை டோஸுக்கு மேல் போனால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். இந்த ஐந்தும் ஒரே வரியில் இருக்க வேண்டும். "தேவைப்பட்டால்" என்று மட்டும் எழுதி விட்டுப்போனால் திருப்பிக் கொடுத்து முழுதாக எழுதி வாங்குங்கள்.